கூடைக்குள் ஆறு மணி

ஒரு பத்திரிகை என் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. உறையில் ஒட்டியிருந்த சிறப்பு முத்திரை கட்டுரையைவிட நன்றாக இருந்ததால் வருத்தமில்லை. பச்சை முதுகும் வாலடியில் சிவப்புமாக அதில் நின்றது எங்கள் ஆறுமணிக் குருவி.

லிந்துலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அது ஐப்பசி மழையோடு கடல் தாண்டி வரும். எங்களைப் போலத்தான், ஆனால் அதனிடம் யாரும் பிரஜாவுரிமை கேட்பதில்லை. காலை ஆறுக்கு அது கூவும்போது வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் நிற்காதவருக்கு அன்று பேர் இல்லை, வேலையும் இல்லை.

என் சிறு வயதில் ஒரு மாலை, பறந்து களைத்த குருவியொன்று தகரக் கூரையில் மோதி வாசலில் விழ, அம்மாவின் கொழுந்துக் கூடையால் அதை மூடி, சோறும் சம்பலும் வைத்தேன். அது தொடாததால் நானே சாப்பிட்டேன்.

விடியும்போது லயமே கூடையைச் சுற்றிக் குந்தியிருந்தது. கூவினால் பிழைக்கும் என்பது எங்கள் வைத்தியம்.

"கூடையக் குடு புள்ள, பேர் போயிரும்" என்ற அம்மாவும் எழுந்திருக்கவில்லை.

வெறும் களத்தைப் பார்த்துவிட்டு, பேர் கூப்பிடும் கணக்கப்பிள்ளையே கைக்கடிகாரத்தை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ஆறு அடிச்சு அஞ்சு நிமிசமாச்சு. இங்க என்ன கூத்து?"

"கொஞ்சம் இருங்கய்யா, இன்னும் அது கூவல" என்றேன் நான்.

அவரும் குந்தினார். கூடைக்குள் ஏதோ அசைந்தது. பிறகு அந்த இரட்டைச் சீழ்க்கை, தகரமெல்லாம் அதிரும்படி. நான் கூடையைத் தூக்க, அது தத்தித் தத்தித் தேயிலைக்குள் ஓடியது.

"இப்பதாங்கய்யா ஆறு" என்றார் அம்மா.

கணக்கப்பிள்ளை கடிகார முள்ளைப் பின்னுக்குத் திருகிவிட்டு, எங்கள் வாசலில் நின்றபடியே பேர் கூப்பிடத் தொடங்கினார்.