அடித்துப்போட்ட நாற்பது மணி

காரைக்குடி ஹபீப் ரகுமானிடம் விமானம் ஓட்டும் உரிமம் இருந்தது, வேலைதான் இல்லை. பயணிகள் விமானத்தில் தலைமை விமானியாக வேண்டுமென்றால் ஆயிரத்தைந்நூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் நூறு மணி இரவில். அவர் பறந்திருந்தது முந்நூறு. மீதியைச் சேர்க்க, 1968-ல் வயலுக்கு மருந்தடிக்கும் ஒரு விமானக் கம்பெனியில் சேர்ந்தார்.

விடிந்ததும் தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களின் மேல் தென்னை உயரத்தில் பறக்க வேண்டும். தெளித்த மருந்து காற்றில் திரும்பி முகத்திலேயே விழும். அழுகிய பூண்டு போன்ற அந்த நாற்றம் எத்தனை முறை குளித்தாலும் போகாது. ஊருக்கு வந்தால் மனைவி லத்தீபா வாசலிலேயே நிறுத்துவாள்.

“சட்டையைக் கிணத்தடியில கழட்டிட்டு வாங்க மச்சான். பிள்ளையத் தூக்காதீக.”

ஒரு பெருநாளன்று கறிச்சோற்றை வாயில் வைத்தவர், மருந்தாகக் கசக்கிறதென்று ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

ஐந்து வருடத்தில் மணிகள் சேர்ந்தன. ஆனால் மருந்தடிப்பது பகல் வேலை. லீவு எடுத்து விமானப் பயிற்சிக் கழகத்தில் பறந்தும் இரவுக் கணக்கில் நாற்பது மணி குறைந்தது.

“இதுக்கா கவலை? பறந்ததா எழுதிடுங்க. நான் கையெழுத்துப் போடறேன். எல்லாரும் இப்படித்தான் போனாங்க” என்றார் மேனேஜர் மீனாட்சிசுந்தரம்.

ஹபீப் தன் பறப்பு மணிப் பதிவேட்டில் எழுதிவிட்டார். எழுதிய ஒரு தேதியில், பறந்ததாகக் காட்டிய விமானத்தின் எஞ்சின் கழற்றித் தரையில் கிடந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. லத்தீபாவிடம் சொன்னார்.

“அப்ப நீங்க ஓட்டுற பிளேன்ல என்னையும் பிள்ளையையும் ஏத்துவீகளா?” என்றாள் அவள்.

மறுநாளே அந்த வரிகளைச் சிவப்பு மையால் அடித்து, ‘பறக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பதிவேட்டைப் பார்த்த உரிமம் வழங்கும் அதிகாரிகள் மற்ற மணிகளையும் சந்தேகப்பட்டுக் கம்பெனியின் சான்று கேட்டார்கள். தன் பொய்க் கையெழுத்தைக் காட்டிக்கொடுத்த கோபத்தில் மீனாட்சிசுந்தரம் தர மறுத்தார். நாற்றத்தைக் குடித்துச் சேர்த்த மணிகளெல்லாம் செல்லாமல் போயின.

ஹபீப் காரைக்குடியில் பம்புசெட் பழுது பார்க்கும் கடை வைத்தார். 1976-ல், அதே மருந்தடிக்கும் கம்பெனியில் அவருக்குப் பின்னால் சேர்ந்து கூடவே வேலை பார்த்த வீரணன் கடைக்கு வந்தான். இப்போது அவன் பெரிய விமானக் கம்பெனியின் விமானி. ஹபீப் டீ வாங்கிக் கொடுத்தார்.

“ராத்திரி மணிக்கு என்ன செஞ்ச?”

“நீங்க அடிச்ச அதே தேதியத்தாண்ணே நானும் எழுதினேன். ஒருத்தனும் கேக்கல. நீங்களும் சும்மா இருந்திருந்தா இன்னைக்கு எங்கயோ இருந்திருப்பீக!” வீரணன் குலுங்கிச் சிரித்தான்.

ஹபீப் தன் கிளாஸில் மிச்சமிருந்த டீயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, “கெளம்பு, எனக்கு வேலை இருக்கு” என்றார்.