பெயர் எழுதச் சொன்னவர்

தூத்துக்குடியில் நான் புத்தகக்கடை திறந்தபோது, அது ஒரு தலித் பெண்ணின் கடை என்று தெரிந்ததும் சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் தவறாமல் வந்தவர் ஒருவர்தான். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குபவர். குளித்துவிட்டு வந்தாலும் அவர் இமையோரத்தில் மை தீட்டியதுபோல் கரி இருக்கும்.

வாசலுக்கு வந்ததும் ஒதுங்கி நின்று, யாரையோ முதலில் உள்ளே விடுவதுபோல் காத்திருப்பார். பிறகு ஒரு புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தில் ஒரு பெயரை எழுதித் தரச் சொல்வார். மாடத்தி, சுடலை, பேச்சி என்று வாரம் ஒரு பெயர்.

"இவங்கல்லாம் யாரு அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க தெரு ஆளுக, தாயி. எல்லாரும் செத்துப் போனாவ. பள்ளிக்கூட வாசல்லயே வெரட்டிவிட்டதுல ஒரு எழுத்து படிக்காமப் போனாவ. இப்ப நம்ம பிள்ள கடை வச்சிருக்கு. வராம இருப்பாவளா?"

சொல்லிவிட்டு என் பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்துத் தலையசைத்தார். திரும்பினேன். யாருமில்லை.

அடுத்த சனிக்கிழமை என் பெயரை எழுதச் சொன்னார். என் பேனா அசையவில்லை.

"நான் உயிரோடதானே இருக்கேன்?"

முதன்முறையாகச் சிரித்தார். "அதான்ளா சொல்லுதேன். இருக்கும்போதே வாசிச்சிரு."

புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. வாழ்த்தினாரா, எச்சரித்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அன்று அவர் போன பிறகு கடையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆனாலும் அந்தப் புத்தகத்தை நான் சத்தமாகத்தான் வாசித்தேன்.