விளக்கக் கடிதத்தில் ஓர் ஆடு

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றின் ஆவணப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். அறிக்கைகளில் உவமை, உருவகம், உயர்வு நவிற்சி என்று எது தென்பட்டாலும் சிவப்பு மையால் அடிப்பது என் வேலை. தமிழ் முதுகலை படித்திருந்ததால், அடிப்பதன் பெயர் தெரிந்தே அடித்தேன்.

படப்பையில் என் வீட்டு மாடியில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் நான்கு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, ஒரு ஞாயிறு காலையில் நோட்டீஸோடு இறங்கி வந்தாள். தகடுகளை அழுத்தும் பிரஸ் மெஷினில் ஏதோ சத்தம் கேட்டு, சூப்பர்வைசரைக் கேட்காமலே நிறுத்திவிட்டாள். பழுது பார்க்க வந்தவர்கள் ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். அது சரியில்லையென்றால் வேலை போய்விடும்.

விளக்கத்தை எழுதியே கொண்டுவந்திருந்தாள். “மெஷின் அழுதது. வேலியில் கழுத்து மாட்டிய ஆடு மாதிரி அழுதது. கடைசியில் பெருமூச்சு விட்டது.”

நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் ஆடு வரலாகாது. அப்படி ஒரு விதியை யாரும் எழுதி வைக்கவில்லை; எழுத வேண்டிய அவசியம் வந்ததில்லை. மூன்று வரியையும் அடித்துவிட்டு, “இயந்திரத்தில் வழக்கத்துக்கு மாறான ஒலி கேட்டது” என்று எழுதிக் கொடுத்தேன்.

படித்துப் பார்த்தாள். “நான் கேட்ட சத்தம் இதுல எங்க சார் இருக்கு?”

“ஒலின்னு போட்டிருக்கேனே.”

“அங்க நூறு சத்தம் கேக்கும் சார். ஆடு மாட்டிக்கிட்டா எப்படிக் கத்தும், பாத்திருக்கியளா? மூச்சை இழுக்கும்போதுதான் சத்தம் வரும். விடும்போது வராது.”

“அதனால?”

“மெஷினும் மேல ஏறும்போதுதான் கத்துச்சு. இறங்கும்போது கம்முன்னு இருந்துச்சு. மேல போய் நின்னதும் புஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு.”

பழுது பார்த்தவர்கள் மெஷின் இறங்கி அழுத்துவதை மட்டும் கவனித்திருக்க வேண்டும். எல்லாரும் அதைத்தான் கவனிப்பார்கள். ஒலி எந்த நொடியில் வந்தது, எங்கே முடிந்தது என்பதெல்லாம் அந்த ஆட்டுக்குள் இருந்தது. உவமைக்கு இலக்கணம் சொல்லத் தெரிந்த நான் அதை அலங்காரம் என்று அடித்திருக்கிறேன். இப்படி எத்தனை அறிக்கைகளை அடித்தேனோ.

புதிய தாளில் என் வரியை முதலில் வைத்தேன், பழக்கம் விடவில்லை. அதன் கீழே அவளுடைய மூன்று வரிகளையும், மேலே ஏறும்போது என்ற விவரத்தையும் சேர்த்தேன்.

விசாரணையில் நடந்ததை அவளே நடித்துக் காட்டினாள். ஆடு என்றதும் அதிகாரி சிரித்திருக்கிறார். அன்று பழுது பார்க்க வந்த ஃபிட்டர், சேரப்பணஞ்சேரிக்காரர், பக்கத்தில் இருந்தார்; அவர் சிரிக்கவில்லை.

“மேல ஏறசொல்லவா கத்துச்சு? இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னம்லா அண்ணே. நீங்கதான் ஆடு மேய்க்கப் போன்னு சொன்னிய.”

மெஷினின் மேல் பாகத்தைத் தூக்கித் தாங்கும் காற்று சிலிண்டரைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே காற்று கசியாமல் அடைக்கும் சீல் கிழிந்திருந்தது. இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் அழுத்தும் பாகம் தானாகவே இறங்கத் தொடங்கியிருக்கும் என்றாராம் ஃபிட்டர். கை வைத்து வேலை செய்யும் இடம் அது.

வியாழக்கிழமை நோட்டீஸைத் திரும்பப் பெற்றார்கள். மறுவாரம் அவள் வேறொரு செய்தி கொண்டுவந்தாள். ஷிப்ட் பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்களாம்: சத்தம் எதைப் போல இருந்தது?

“எல்லாரும் எழுதுதாங்க சார். நேத்து ஒருத்தன் மாமியார்னு எழுதிட்டான். எந்த நேரத்து மாமியார்னு கேட்டு ஃபிட்டர் திருப்பி அனுப்பிட்டாரு.”

சரியான நடைமுறைதான்.