வெள்ளையடித்த வீட்டுக்கு வரிச் சலுகை இல்லை

எங்கள் வீட்டுக் கக்கூஸைப் பற்றி எழுதப் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

காஜா பேராங் பகுதியில் எங்கள் வரிசை வீடுகளை ரோட்டிலிருந்து மட்டும் பார்த்தவர்கள் பாக்கியவான்கள். நீலச் சாயம் அடித்த ஜன்னல், பூந்தொட்டி, வாசலில் மாவிலை. வீட்டுக்குள் நுழைந்து, சமையல் கட்டைத் தாண்டி, பின்கதவைத் திறந்தால்தான் தெரியும். மழை பெய்தால் நிரம்பி முற்றத்துக்கு ஏறிவிடும் சாக்கடை. அதன் மேல் போட்ட வழுக்குப் பலகை. பலகை முடியும் இடத்தில் நான்கு தகரத்தைச் சேர்த்து நிறுத்திய ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே வாளி. விடிவதற்குள் ஆள் வந்து பின்சந்து வழியாக வாளியை எடுத்துப் போக வேண்டும். சில நாள் வருவார். சில நாள் வர மாட்டார். வராத நாளில் வாளி விளிம்பைத் தாண்டி வெள்ளையாக நெளிவதை நான் பார்த்திருக்கிறேன். மூச்சை வீட்டுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போய், வெளியே வந்துதான் விடுவோம். வீட்டில் எல்லோருக்கும் நீச்சல்காரன் நுரையீரல்.

இதை ஏன் இடித்துக் கட்டவில்லை என்று கேட்டால் அப்பாவிடம் தயாராகப் பதில் இருக்கும். அவர் துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா, அங்கே கிராணி என்பார்கள்; கணக்கில் புலி. "கக்கூஸ் கட்டினா வீட்டு மதிப்பு ஏறும். மதிப்பு ஏறினா வரி ஏறும். நாறுறதுக்கு யாரும் வரி கேக்க மாட்டான்." வரிசையில் எல்லோருக்கும் இதே ஞானம்தான். அழுகிய பலகையை மாற்றினால் வரி, அத்தாப்பு ஓலைக் கூரையை எடுத்துத் தகரம் போட்டால் வரி. வரிக்குப் பயந்து ஒரு தெருவே தன் பின்புறத்தை அழுக விட்டிருந்தது.

அப்போதுதான் நாட்டுக்கு மெர்டேக்கா, விடுதலை, வந்தது. பாடாங் திடலில் கத்திய கத்தலில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த எனக்கு, நாடே எனக்காகத்தான் சுதந்திரம் வாங்கியது போல இருந்தது. அந்தச் சூட்டிலேயே டவுன் ஆபீஸ் ஓர் அறிவிப்பு ஒட்டியது. பழைய குடியிருப்புகளில் சிதைந்த வீட்டைச் சீர்படுத்துகிறவர்களுக்குச் சில வருடங்கள் வரி ஏற்றமாட்டார்கள். இருக்கும் வரியிலும் ஒரு பகுதி தள்ளுபடி. நிபந்தனை ஒன்றே ஒன்று. வேலை தொடங்குவதற்கு முன்னால் அதிகாரி வருவார். வீடு எப்படிச் சிதைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டு போவார்.

நான் அறிவிப்பைத் தமிழில் பெயர்த்து வீடு வீடாகப் போய் வாசித்தேன். வீட்டில் அண்ணிக்கு இரண்டு தடவை வாசித்தேன். அண்ணன் சிரம்பானில் ரயில்வே வேலை. மாதம் ஒருமுறை வந்து போவார். அண்ணிக்கு அப்போது வயிற்றில் நான்காம் மாதம். முந்தின வாரம்தான் அந்தப் பலகையில் சறுக்கி, முழங்கால் வரை சாக்கடையோடு வந்து நின்றிருந்தார். "பாத்து நடக்கக் கூடாதா?" என்றாள் அம்மா. பலகையை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அறிவிப்பைக் கேட்டதும் அண்ணி அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டார். "மாமா, பிள்ளை பொறக்கறதுக்குள்ள கட்டிடுவீங்களா?"

"சலுகை கெடைக்கட்டும்மா. மறுநாளே கொத்தனாரக் கூப்பிடுறேன்."

ஆகவே எல்லாம் அந்த அதிகாரி பார்க்கப் போகும் பார்வையில் நின்றது. நான் அம்மாவிடம் பாடம் நடத்தினேன். ஒழுகும் இடத்தில் வைத்த பேசினை எடுக்காதே. செல்லரித்த சுவரை மறைக்காதே. அதிகாரி வந்ததும் முதலில் பின்கதவைத் திற. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அதிகாரி தெங்கேரா பகுதியை முடித்துவிட்டு மறுநாள் எங்கள் வரிசைக்கு வருகிறார் என்று சேதி வந்தது. அன்று நான் டியூஷன் சொல்லிக்கொடுத்துவிட்டு வீடு திரும்பினால், வாசலிலேயே சுண்ணாம்பு வாடை. அப்பா அரைக்கால் சட்டையோடு ஏணி மேல் நிற்கிறார். முன்சுவர் பளபளக்கிறது. உள்ளே சுவரின் அழுகிய பலகை மேல் புதுப் பூப்போட்ட பாத்தேக் துணி. ஒழுகிய கறை மேல் லட்சுமி காலண்டர். சமையல் கட்டுக்குப் போனேன். கல்யாணத்தில் வந்த பெரிய அலமாரியை நகர்த்தி, பின்கதவையே அடைத்து நிறுத்தியிருந்தார்கள்.

"அப்பா! என்னா செஞ்சிருக்கீங்க?"

"எதுக்குக் கத்துறே? வீட்டுக்குப் பெரிய மனுசன் வர்றாருடா."

"அவரு ஓட்டையப் பாக்கத்தான் வர்றாரு!"

"வர்றவனுக்கு ஓட்டையக் காட்டச் சொல்றியா? உன் கேம்பிரிட்ஜ்ல இதான் சொல்லிக் குடுத்தானுங்களா?"

அம்மா குறுக்கே வந்தாள். "எல்லாத்தையும் அப்பிடியே போட்டு வைக்க மனசு வரலடா. நாளைக்கு அந்த ஆளு வெளிய போயி என்னல்லாம் சொல்லுவாரு?"

வரிசையில் போய்ப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் சுண்ணாம்பு. நான் வாசித்த அறிவிப்பில் 'அதிகாரி வருவார்' என்பது மட்டும்தான் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. வருகிறவருக்காக வீட்டைச் சிங்காரிப்பது எங்கள் ரத்தம். ஒரே ஒரு வீடு மட்டும் கரியும் ஒட்டடையுமாக அப்படியே நின்றது. எங்கள் பக்கத்து வீடு, செட்டி அம்மாவின் வீடு. பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து, தமிழ் மறந்து மலாய் பேசுகிற செட்டிகள் அவர்கள். அவர் வீட்டுக்காரர் இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. துக்க வீட்டில் வெள்ளையடிக்க மாட்டார்கள். பொங்கலுக்கே அடிக்கவில்லை. "பாவம், நாளைக்கு அந்தம்மாவுக்குத்தான் மானக்கேடு" என்று அம்மா உச்சுக் கொட்டினாள்.

அதிகாரி தமிழர், சாந்தமான மனிதர், குடையோடு வந்தார். அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு எதிர்கொண்டார். முறுக்கு வந்தது, குவே பலகாரம் வந்தது, அண்ணி கையில் காப்பி வந்தது. அதிகாரி மூன்றையும் ஒதுக்கவில்லை. சுற்றிலும் பார்த்தார்.

"ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க. தெங்கேராவுல இப்பிடி ஒரு வீடு பாக்கல."

அப்பாவுக்குக் கோட்டு இறுக்கிற்று. "எல்லாம் உங்க ஆசீர்வாதம்."

"பின்பக்கம்?"

"பின்பக்கம் ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு வாழ மரம்."

"கக்கூஸ் இருக்கு சார்!" என்றேன். "அலமாரிய நகத்தினா காட்டுறேன். வாங்க."

அப்பா சிரித்தார். வாழ்க்கையில் நான் கேட்ட மிக அசிங்கமான சிரிப்பு அதுதான். "பையன் புதுசாப் படிச்சவன். எங்க போனாலும் குத்தம் கண்டுபிடிப்பான்."

"படிச்சா அப்பிடித்தான்" என்று அதிகாரியும் சிரித்துக்கொண்டே இன்னொரு முறுக்கை எடுத்தார்.

நான் அண்ணியைப் பார்த்தேன். தட்டைப் பிடித்தபடி சுவரோரம் நின்றிருந்தார். நெற்றியில் வியர்வை, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறார். அவருக்குக் கக்கூஸுக்குப் போக வேண்டும். போகும் வழியில் அலமாரி நிற்கிறது. முன்வாசல் வழியாகச் சுற்றிப் போகலாம் என்றால் அதிகாரியைத் தாண்டிப் போக வேண்டும். அவர் முறுக்கைக் கடித்துக் கடித்து முடிக்கும் வரை அண்ணி அப்படியே நின்றார்.  

அதிகாரி செட்டி அம்மா வீட்டுக்குப் போனதும் நான் வெளியே ஓடி, பின்வேலிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். அங்கே உபசாரம் இல்லை, உட்கார வைக்கவும் இல்லை. அந்தம்மா "மாலு... மாலு..." என்று தம் மலாயில் வெட்கத்தைச் சொல்லி, தலை குனிந்து, அவரை நேரே பின்கட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

"சார்! இங்க பாருங்க, இதான் எங்க கக்கூஸ்!" என்று வேலிக்கு மேலே கத்தினேன்.

கைக்குட்டையை விலக்காமலே திரும்பிப் பார்த்தார். தகரக் கூண்டு அவர் கண்ணில் பட்டது. எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"உங்க வீட்டுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு தம்பி. இப்ப அடிச்சு மாத்தினா மேல கேள்வி கேப்பாங்க. வேணும்னா உங்கப்பாவ அப்பீல் பண்ணச் சொல்லுங்க."

முறுக்கு தின்ற வாய் அப்படிச் சொல்லிற்று.

சில வாரங்களில் பதில் வந்தது. 'வீடு மிக நல்ல நிலையில் பராமரிக்கப்படுகிறது' என்ற முதல் வரியைப் படித்ததும் அப்பா காகிதத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நாலு வீட்டுக்குப் போய் வந்தார். இரண்டாம் பத்தியை நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நல்ல நிலையில் இருப்பதால் சலுகை இல்லை. புதிதாகச் சீர்படுத்தியிருப்பதால் மதிப்பு ஏற்றப்படுகிறது. அதாவது சுண்ணாம்புக்கு வரி.

 எனக்கு அப்போதும் நம்பிக்கை. ராத்திரிக்கு முன்னாலேயே அப்பீலை ஆங்கிலத்தில் எழுதி முடித்து, கூரை, சுவர், சாக்கடை, வாளி, ஒன்றையும் விடாமல் சேர்த்து, கையெழுத்துக்கு நீட்டினேன். அப்பா படித்தார். கிராணி அல்லவா, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இதுல என்னா எழுதியிருக்கே? மனுசன் குடியிருக்கத் தகுதியில்லாத எடம்னு எழுதியிருக்கே."

"உண்மைதானே?"

"என் சொந்த வீடு நாறுதுன்னு நானே கையெழுத்துப் போடணுமா? போடா."

"அண்ணிக்காகப் போடுங்கப்பா."

"உங்கம்மா உங்களையெல்லாம் அந்தக் கக்கூஸுக்குப் போயித்தான் பெத்தா."

அண்ணி கதவோரம் நின்று இதைக் கேட்டார். அம்மாவும் கேட்டாள். அம்மா அண்ணி பக்கம் சேர்ந்துகொண்டு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். புடைத்துக்கொண்டேயிருந்தாள்.

செட்டி அம்மாவுக்குச் சலுகை கிடைத்தது. "அதிகாரிக்கு ஏதாவது தள்ளியிருப்பாங்க" என்றார் அப்பா. திதி முடிந்த கையோடு அந்த வீட்டில் வேலை தொடங்கியது. அந்தம்மாவின் மகன் சிமெண்டு வேலைக்குப் போகிறவன். தொட்டி தோண்டினான், செங்கல் வைத்தான், பீங்கான் பதித்தான், சங்கிலி இழுத்தால் தண்ணீர் கொட்டும் தொட்டியை மேலே மாட்டினான். முதல் தடவை சங்கிலி இழுத்த சத்தம் எங்கள் சமையல் கட்டுக்குக் கேட்டது. அண்ணி கரண்டியை நிறுத்திவிட்டு அந்தச் சத்தம் அடங்கும் வரை நின்றார். அப்போது அவருக்கு எட்டாம் மாதம்.

மறுநாள் மழை. பலகை முங்கிவிட்டது. அண்ணி பின்படியில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து செட்டி அம்மா பார்த்துவிட்டார். எங்கள் தமிழ் அவருக்கு வராது; நம்முடைய சொற்கள் சில கலந்த அவர்களுடைய மலாய்தான்.

"மாரிலா, தங்காச்சி. சினி மாரி. தக் பாயா மாலு." இங்கே வா தங்கச்சி, வெட்கம் எதற்கு என்று கூப்பிட்டபடியே மகனை அழைத்தார். அவன் வேலியில் இரண்டு பலகையைப் பெயர்த்து எடுத்தான். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, அந்த இடுக்கில் நுழைந்து போனார். சங்கிலிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது என்னைப் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் அப்பா வேலியின் இடுக்கைக் கண்டுபிடித்துவிட்டார். சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு போனார். அண்ணி பின்படியில் வந்து நின்றார்.

"அத அடைச்சீங்கன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன் மாமா."

மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டால் ஊர் கேட்கும். அப்பா சுத்தியலைத் தாழ்த்தினார். பக்கச் சந்தை ஒட்டி ரோட்டைப் பார்த்தார், இடுக்கைப் பார்த்தார். ரோட்டில் போகிறவன் கழுத்தை வளைத்தால் தெரியும். உள்ளே போய், அதிகாரி வந்தபோது அழுகிய சுவர்ப் பலகைக்கு மாட்டியிருந்த பூப்போட்ட பாத்தேக் துணியை எடுத்து வந்தார். இடுக்குக்கு மேலே இரண்டு ஆணி அடித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து மாட்டினார். சற்றுப் பின்னால் தள்ளிப் போய், நேராகத் தொங்குகிறதா என்று பார்த்தார்.

குழந்தை பிறந்து தவழ ஆரம்பித்தும் அந்தத் துணி அங்கேதான் தொங்கியது. அம்மா அதைத் துவைத்துத் துவைத்து மாட்டினாள். ஒரு நாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். துணியை விலக்கிக்கொண்டு அப்பா அந்தப் பக்கத்திலிருந்து வந்தார், கக்கத்தில் பேப்பரோடு. என்னைப் பார்த்துவிட்டு, துணியை இழுத்துச் சரி செய்தார்.