சுவருக்குக் காய்ச்சல் பார்த்தவர்

குன்னூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், மாதம் தவறாமல் வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலத்தான் வைப்பார். கம்பளிக் குல்லாவுக்குள் சாதுவான முகம். குரலை உயர்த்தியதே இல்லை.

"ஊட்டுக்குள்ள கரியடுப்பு மட்டும் மூட்டாதீங்க. பொகையில சீலிங் கறுத்துப்போயிருமுங்க" என்று குடிவந்த அன்றே சொல்லிவிட்டார். ஹீட்டரும் கூடாது, வயரிங் பழசாம்.

ஐப்பசி மழையில் எங்கள் கைக்குழந்தையின் துணி எதுவும் காயவில்லை. ஈரத்திலேயே கிடந்து பிள்ளை இருமினாள். "துணி காயற வரைக்கும் மட்டும் கரி மூட்டிக்கிறோமுங்க" என்று என் மனைவி கெஞ்சினாள்.

அவர் சுவரைத் தடவியபடியே, "பேச்சு மாறக்கூடாதுங்க" என்றார். பிள்ளையின் பக்கம் திரும்பவில்லை. நாங்களும் பேச்சு மாறவில்லை. பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் மீட்டோம்.

காலி செய்த அன்று பீரோவை நகர்த்தினால், சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். அவர் கையை வைத்துப் பார்த்தார்.

"அட்வான்ஸு பெயிண்டுக்கே சரியாப் போயிருமுங்க."

"மழை ஈரத்துக்கு நாங்க என்னங்க பண்றது?" என்றேன்.

"ஏனுங்க, இந்த ஊர்ல கரி மூட்டாம யாராச்சும் மழைக்காலத்த ஓட்டுவாங்களா? மூட்டியிருந்தா செவுரு காஞ்சிருக்குமுல்லங்க" என்றார், நிஜமாகவே வருத்தப்பட்டு.

சாமான் வண்டியில் ஏறும்போது, நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் கணவனுடன் வீடு பார்க்க வந்தாள். அவளிடம் அவர் அதே மெல்லிய குரலில், "கரியடுப்பு மட்டும் மூட்டாதீங்க" என்றார்.

நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து அவரைத்தான் இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்.