கத்தரிக்காய் போட்ட கையெழுத்து

சென்ற சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு என் மனைவி பத்மா மார்க்கெட் பட்டியல் எழுத உட்கார்ந்தாள். பகல் பன்னிரண்டு நாற்பத்தாறுக்கு நாங்கள் இருவரும் ஃபெர்ரி ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தோம். இடையில் போன மூன்று மணி முப்பத்தாறு நிமிடங்கள்தான் இந்த வாரக் கதை.

சொந்தமாக வெப்சைட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். வைத்திராதவர்கள்... நீங்களும்தான்!

என் வெப்சைட்டைப் பற்றி இந்த வாராந்தரப் பத்தியில் ஏற்கெனவே பீற்றிக்கொண்டிருக்கிறேன். ஜார்ஜ்டவுனில் எந்தக் கடை எந்தத் தேதியில் திறந்தது, எந்த பஸ் எப்போது வழி மாறியது, எங்கள் தெரு விளக்கு எத்தனை நாள் எரியவில்லை — எல்லாம் அதில் இருக்கும், பத்மாவின் பழைய பள்ளிக்கூடப் படம் உட்பட. யாருக்கு வேண்டும் இதெல்லாம்? எனக்கு வேண்டும். இலவசமாக இடம் தருகிறார்கள், சும்மா விடுவேனா?

இடம் மட்டுமா இலவசம்? மூடி மூடித் திறக்கும் தபால்பெட்டிப் படம் இலவசம். ‘புதுசு!’ என்று கண் சிமிட்டும் நட்சத்திரம் இலவசம். ஏழு நட்சத்திரம் வைத்திருக்கிறேன். பார்த்தால் தலை சுற்றுகிறது என்பது பத்மாவின் கருத்து.

இவற்றிலெல்லாம் ராஜா, கவுண்டர். யாராவது நம் பக்கத்தைத் திறந்தால் எண் ஒன்று கூடும். போன வாரம் என்னுடையது 412. மயங்கிவிடாதீர்கள். நான் திறந்தாலும் அது கூடும். அதனால் என் வருகைகளைத் தனியாக ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன் — 390. ஆக, உலகம் முழுவதிலிருந்தும் வந்தவர்கள் இருபத்திரண்டு. யார் அந்த இருபத்திரண்டு? ஆபீசில் கப்பல் பட்டியலைச் சரிபார்க்கும்போதுகூட இதே யோசனைதான்.

அதற்காகத்தான் கெஸ்ட்புக் வைத்தேன். வருகிறவர்கள் பெயர் போட்டு இரண்டு வரி எழுதிவிட்டுப் போகலாம். பிடிக்காததை அழிக்க நமக்கு மட்டும் ஒரு பட்டன் தருவார்கள். பிரச்சினையே அந்தப் பட்டன்தான்.

செவ்வாய்க்கிழமை ஒரு பதிவு வந்திருந்தது. பெயர் இருந்த இடத்தில், ஆங்கில எழுத்தில், ‘கத்தரிக்காய்’. கீழே பத்து வரி. ஒரு வார்த்தை புரிய வேண்டுமே! எம், டி, அரைப்புள்ளி, ஜி, எஸ், மறுபடியும் அரைப்புள்ளி... கீபோர்டின் மேல் பூனை நடந்ததுபோல இருந்தது. வழக்கம்போல அச்செடுத்தேன். குப்பைக்கும் தேதி உண்டல்லவா? அச்செடுத்த தாளைக் கழிவுக் காகிதத் தட்டில் போட்டேன். புதன்கிழமை காலை, பட்டனை அழுத்தினேன். போயே போய்விட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். நான் எதையும் அழிக்கிற ஆள் இல்லை. பழைய பஸ் டிக்கெட்டைக்கூட வைத்திருப்பவன். வாழ்க்கையில் நான் அழித்தது அது ஒன்றுதான்.

சனிக்கிழமைக்கு வருவோம். மார்க்கெட் பட்டியலுக்குப் பத்மா கழிவுக் காகிதத்தைத்தான் எடுப்பாள். வெங்காயம், பச்சை மிளகாய் என்று எழுதிவிட்டு, மறுபக்கம் இடம் இருக்கிறதா என்று தாளைத் திருப்பினாள்.

“என்னங்க... இங்க வாங்க. யாருங்க இது கத்தரிக்காய்?”

“எவனோ வேலையில்லாத பய. இன்னிக்குக் கத்தரிக்காய்ம்பான், நாளைக்கு முருங்கைக்காய்ம்பான். புதன்கிழமையே அழிச்சுட்டேன்.”

“பயலா? ஐயோ, அது நம்ம ராணிதான்லா!”

ராணி, பத்மாவின் பள்ளித் தோழி. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஊதா நிறச் சட்டையும் பச்சை ரிப்பனுமாக உருண்டு உருண்டு ஓடியவளுக்கு அன்றே பத்மா வைத்த பெயர் அது. வகுப்பில் நாலே பேருக்குத்தான் தெரியுமாம். பிறகு ராணிக்குக் கல்யாணம் வந்தது. தோழிப் பெண்ணாகப் பத்மா நிற்பாள் என்று எல்லாரும் நினைத்திருக்க, மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தியை நிறுத்திவிட்டார்கள். பத்மா கல்யாணத்துக்கே போகவில்லை. ராணி குடிபோன மெல்பர்னிலிருந்து கடிதம் வந்தது. பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். ஆறு மாதத்தில் கோபம் போய்விட்டது. ஆனால் விலாசம்? அது அந்த உறைக்குள்ளேயே போய்விட்டது. இருபத்து மூன்று வருடமாக, ஊதா நிறத்தில் எதைப் பார்த்தாலும் இவள் ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தக் கத்தரிக்காய் எழுதியதைத்தான் நான் அழித்திருக்கிறேன்.

“என்னா எழுதியிருக்கா? படிங்க!”

“எப்படிப் படிக்கிறது? இது தமிழ்தான். ஆனா அவ எந்த ஃபாண்டுல அடிச்சாளோ, அது நம்மகிட்ட இல்ல.”

நம்மவர்களின் கூத்தைப் பாருங்கள். இணையத்தில் நாலு தமிழர் இருந்தால் ஐந்து ஃபாண்ட் இருக்கிறது. ஒருவர் அடித்தது இன்னொருவருக்கு ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். கெஸ்ட்புக்கைக் கட்டியவன் நான். இதை நானல்லவா முதலில் யோசித்திருக்க வேண்டும்? பெயரைப் பார்த்துப் பையன் என்று முடிவு கட்டிவிட்டேன்.

சரி, வழி இருக்கிறது. அச்சில் உள்ள எழுத்துகளை அப்படியே திரும்ப அடிக்க வேண்டும். பிறகு ஃபாண்டை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். பத்மா படித்தாள், நான் அடித்தேன்.

“சின்ன எம்... சின்ன டி... புள்ளிக்குக் கீழ கமா... பெரிய ஜி... பெரியதுங்க! கண்ணாடியப் போடுங்களேன்!”

அடித்து முடித்தபோது பத்து ஐந்து. என்னிடம் இருந்த ஆறு தமிழ் ஃபாண்டுகளையும் போட்டுப் பார்த்தேன். ஆறிலும் உளறல்.

அப்போதுதான் வெப்ரிங் ஞாபகம் வந்தது. ஒரே விஷயத்தில் ஆர்வமுள்ள பக்கங்கள் கைகோத்து வட்டமாக நிற்கும் ஏற்பாடு அது. பக்கத்தின் அடியில் ‘அடுத்தது’ என்று இருக்கும். அழுத்தினால் பக்கத்து வீட்டுக்குப் போகலாம். தமிழ்ப் பக்கங்களின் வளையத்தில் நானும் ஓர் ஓரமாக நிற்கிறேன். அழுத்தினேன். ஒரு சமையல் பக்கம். அழுத்தினேன். ஜாதகம். அழுத்தினேன். ஒருவர் தன் மூன்று பூனைகளுக்குப் பக்கம் வைத்திருந்தார். ஒன்பதாவது வீடு, கனடாவில் யாரோ ஒரு புண்ணியவான். அவர் பக்கத்திலும் அதே எம், டி, அரைப்புள்ளி! உச்சியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: இதைப் படிக்க இந்த ஃபாண்டை இறக்கிக்கொள்ளவும்.

நாற்காலியிலிருந்து குதித்தேன். நிஜமாகவே.

இறக்க இருபத்தெட்டு நிமிடம் என்றது கம்ப்யூட்டர். நடுவில் யாராவது ஹாலில் போனை எடுத்தால் லைன் அறுந்துவிடும். என் வீட்டில் அப்படி எடுப்பது யார்? பத்மாதான்! அன்று அவளே போனின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, காவல் நிலைய வாசல் போலீஸ் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பாதியில் லைன் தானாகவே அறுந்தது.

“நா தொடல! சாமி சத்தியமா தொடல!”

முதலிலிருந்து ஆரம்பித்தோம். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு ஃபாண்ட் வந்து சேர்ந்தது. நிறுவினேன். எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து, ஃபாண்டை மாற்றினேன்.

‘அன்புள்ள பத்மா.’

திரையில் அந்த இரண்டு வார்த்தைகள் விரிந்ததை நான் எப்படிச் சொல்வேன்! பத்மா என் தோளைப் பிடித்த பிடியில் இன்னும் வலிக்கிறது.

‘நான் கத்தரிக்காய். நம் ஸ்கூல் படத்தை இந்தப் பக்கத்தில் பார்த்தேன். உன் வீட்டுக்காரருக்கு அனுப்பிய இமெயில் இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டது. இப்போது ஊருக்கு வந்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை அக்கரையில் பட்டர்வொர்த்தில் ரயிலிலிருந்து இறங்கி ஃபெர்ரியில் வருகிறேன். பன்னிரண்டு மணியிலிருந்து ஒரு மணி வரை ஜெட்டியில் நிற்பேன். நீ வராவிட்டால் கோபம் தீரவில்லை என்று புரிந்துகொண்டு அடுத்த ஃபெர்ரியிலேயே திரும்பிவிடுவேன். இனித் தொந்தரவு செய்ய மாட்டேன்.’

இமெயில் ஏன் திரும்பியது? என் பெட்டி நிரம்பி வழிகிறது. எதையும் அழிக்காதவன் அல்லவா நான்!

“சனிக்கிழமைன்னா... இன்னிக்குங்க!”

காடியை ஸ்டார்ட் செய்தேன். சனிக்கிழமை மதியம் எங்கள் ஆயர் ஈத்தாமிலிருந்து ஜெட்டி இருக்கும் வெல்டு கீ வரை போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும். பத்மா தாளைக் கையில் பிடித்தபடி, வழியில் நின்ற ஒவ்வொரு லாரியையும் பெயர் சொல்லித் திட்டினாள். காடியை எங்கோ ஓர் ஓரத்தில் சொருகிவிட்டு ஓடினோம்.

ஜெட்டியில் கூட்டம். இருபத்து மூன்று வருடத்துக்குப் பின் ஒருவரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? பத்மா யோசிக்கவே இல்லை. நடுக்கூட்டத்தில் நின்று முழுக்குரலில் கத்தினாள்.

“ஏய் கத்தரிக்கா!”

காய்கறிக் கூடை வைத்திருந்த ஓர் அம்மாள் திரும்பினார். இரண்டு மலாய்ப் பையன்கள் சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ஃபெர்ரிக்கு நிற்கும் வரிசையின் ஓரத்திலிருந்து ஒல்லியான ஒரு பெண்மணி திரும்பினார். ஆமாம், ஒல்லி!

“அடியே! ஊரக் கூட்டிச் சொல்றியே, அறிவிருக்கா உனக்கு?”

அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுது, ஒரே நேரத்தில் சிரித்து, ஒரே நேரத்தில் பேசினார்கள். மூச்சு வாங்க ராணி நிறுத்தியபோது ஒரு விஷயம் சொன்னார்.

“வியாழக்கிழமை கோலாலம்பூர்ல ஒரு சைபர் கஃபேல போய்ப் பார்த்தேன்டி. நா எழுதுனதக் காணோம். அப்பவே அழுதுட்டேன். கடுதாசியத் திருப்பி அனுப்புன மாதிரி இதையும் நீ அழிச்சுட்டன்னு நெனச்சேன்.”

“அப்புறம் ஏண்டி வந்த?”

“அழிச்சா அழிக்கட்டும். இந்தத் தடவ படிச்சிட்டுத்தானே அழிச்சிருப்ப!”

பத்மா என்னைப் பார்த்தாள். நான் கப்பலைப் பார்த்தேன். பிறகு, வேறு வழியில்லாமல், உண்மையைச் சொன்னேன். பட்டனை அழுத்தியது நான், அதுவும் படிக்காமல். ராணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணே, தெரு விளக்கு எரியாததுக்கெல்லாம் தேதி போட்டு வச்சிருக்கீங்க. என்னையப் போயி அழிச்சிட்டீங்களே!”

“உங்களுக்கு எப்படித் தெரியும் தெரு விளக்கு?”

“எல்லாந்தான் படிச்சேனே. அந்தப் படத்தப் பார்க்குறதுக்காகவே பதினேழு தடவ வந்தேன்.”

பதினேழா!

அவர்கள் கைகோத்தபடி காடியை நோக்கி நடந்தார்கள். நான் பின்னால் நடந்தபடி சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். நானூற்றுப் பன்னிரண்டில் முந்நூற்றுத் தொண்ணூறு போக இருபத்திரண்டு. அதில் பதினேழு ராணி.

மீதி ஐந்து பேர் யார்? நீங்களா? கெஸ்ட்புக்கில் ஒரு வரி எழுதுங்களேன் — எந்த ஃபாண்டில் வேண்டுமானாலும், எந்தக் காய்கறியின் பெயரில் வேண்டுமானாலும்.