என் காட்டில் இறங்கிய துளை

நிலத்தில் துளை போடும் ரிக் வண்டியில் வேலை செய்கிறவனுக்குக் கல் வராவிட்டால் ஏச்சு, வந்தால் பயம். இந்தத் தொழிலில் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கை தட்டியவன்

நான் ஐந்தாவதோடு நின்றவன். இளவயசில் வெளியூருக்கு, நிலக்கரி தேடித் துளை போடும் வேலைக்குப் போனேன். அங்கே ஒரு டீக்கடைக்காரர் நிலத்தில் முழங்கை நீளத்துக்குக் கரி உடையாமல் வந்தது. முதலில் கை தட்டியது நான்தான். "இன்னும் ஐம்பது வருஷத்துக்கு உங்க நிலத்தைத் தொட மாட்டோம்" என்றார் இன்ஜினியர். சில வருஷத்திலேயே அது சுரங்கமாகிவிட்டது. அந்த இன்ஜினியரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. டீக்கடைக்காரர் என்னை மன்னிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து சொன்னார்: "கை தட்டினவன்தானே நீ? உன் ஊருக்கும் ரிக் வரும்டா."

மஞ்சள் பூசிய கல்

வந்தது. கரிக்கு இல்லை. எங்கள் பக்கம் கரி ஏது, எல்லாம் பாறை; பாறைக்குள் ஏதோ உலோகம் இருக்கிறதாம். வேறு வேலை தெரியாததால் நானும் சேர்ந்துகொண்டேன்.

நல்லம்பள்ளிப் பக்கம் முதல் துளை. எடுத்த கல்லை ஆழ வரிசைப்படி பெட்டியில் அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பினால், நிலத்துக்காரம்மா அத்தனை கல்லுக்கும் மஞ்சள் பூசிக் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறார். கல்லுக்குள் ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டுதல். கல்லைப் பரிசோதிக்க வந்த ஜியாலஜிஸ்ட் தலையில் கை வைத்துக்கொண்டு, கழுவச் சொன்னார். அந்தம்மா குறுக்கே நின்றார்: "கும்பிட்ட கல்லைக் கழுவாதீங்க சார், சாமி கோவிச்சுக்கிட்டுத் தங்கத்தையே கொண்டாந்து வெச்சுடும்!"

இரண்டு முழம்

அடுத்த துளை எங்கள் ஊர் இண்டூரில், என்னுடைய ஒன்றரை ஏக்கர் மரவள்ளிக் காட்டிலேயே விழுந்தது. எனக்கிருப்பது அது ஒன்றுதான். வேண்டாம் என்றேன், "பார்க்கறதோட சரி" என்றார்கள்.

வெள்ளைக் கல்லுக்குள் வெள்ளிப் பொடி தூவினதுபோல் மினுங்கிக்கொண்டு வந்தது. எனக்கு டீக்கடைக்காரர் ஞாபகம் வந்தது. மற்றவர்கள் துளைக்கிற ராடை மாற்றும்போது, மினுங்கிய இரண்டு முழக் கல்லையும் மரவள்ளிப் பாத்தியில் புதைத்தேன். பாறை நொறுங்கிப் போனால் பெட்டியில் அந்தக் காலி இடத்தில் 'கல் வரவில்லை' என்று ஒரு மரக்கட்டையில் எழுதி வைப்பது வழக்கம். அப்படியே எழுதி வைத்தேன்.

ஜியாலஜிஸ்ட் குனிந்து அந்தக் காலி இடத்தையே பார்த்தார். கடைசியில் என் தோளைத் தட்டினார்: "பரவாயில்ல பெரியவரே, அந்த ஆழத்துக் கல் கட்டாயம் வேணும். நாளைக்குப் பத்தடி தள்ளி இன்னொண்ணு போட்டுடுவோம்."

ஒரு துளைக்குப் பயந்து கல்லை ஒளித்தவன் காட்டில் இப்போது இரண்டு துளை, இரண்டாவதைப் போடுகிறவனும் நானேதான்.